மேற்கு மூலையில் நின்ற தண்ணீர்: ஒரு ரிசர்வ் சைட் பூங்காவில் பதினெட்டு மாத வேலை

எங்கள் லேஅவுட் கோயம்புத்தூர் சத்தி ரோட்டிலிருந்து கிழக்கே பிரிந்து போகும் சாலை ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. மனை பிரித்தபோது பொதுப் பயன்பாட்டுக்கென்று பத்தில் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 28 சென்ட் இடத்தில் பிற்பாடு சுற்றுச்சுவரும் நடைபாதையும் ஊஞ்சலும் வந்து, வாசலில் பூங்கா என்று பலகையும் மாட்டப்பட்டது. ஆனாலும் எங்கள் வாயில் அது இன்றைக்கும் ‘ரிசர்வ் சைட்’தான். பெயருக்கேற்ப அது காலி இடமாகவே திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில், பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஆறு மணி முதல் எட்டரை வரை அங்கே வேலை செய்வது என்று முடிவு செய்தோம். அன்று முதல் இந்தப் பிப்ரவரி வரை செய்தவற்றையும், செய்து கெடுத்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தொடங்கியபோது இருந்த நிலை இது. இடுப்பளவு பார்த்தீனியம். நடைபாதையின் தென்மேற்குப் பகுதியில் பேவர் கற்கள் அலை போல ஏறி இறங்கிக் கிடந்தன. சுற்று ராட்டினம் இரும்பு மேடையாக இறுகிவிட்டிருந்தது. இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. போர்வெல் மோட்டார் மட்டும் ஓடியது. இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம் என்பதால், என்னென்ன வேலை செய்யப் போகிறோம் என்று கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுத்து எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டோம். அதற்கு ஏழு வாரம் ஆனது. மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் சேரலாமா என்றும் பேசினோம். எங்கள் வேலை துண்டு துண்டாக நடப்பது, ஒரே மதிப்பீட்டில் அடங்காது என்பதால் கைக்காசிலேயே தொடங்கிவிட்டோம். அனுமதிக் கடிதம் இல்லாமல் மண்ணில் மம்முட்டி வைக்க வேண்டாம் என்பது மட்டும் இதில் என் கருத்து. குழி தோண்டும்போது யாராவது வந்து கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள்.

முதல் மூன்று மாதம் செய்த வேலைகளில் இன்று கண்ணுக்குத் தெரியும்படி அதிகம் மிச்சமில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்தோம், பெஞ்சுகளுக்கு வண்ணம் பூசினோம், அறுபது மரக்கன்றுகளை நட்டோம். கன்று நடுவதற்கு எல்லோரும் சொல்லும் முறைதான்: மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, தோண்டிய கரிசல் மண்ணை வெளியே தள்ளிவிட்டு, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்பினோம். ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகை முடிவதற்குள் தென்மேற்குப் பாதியில் இருந்த கன்றுகள் இலை மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் அழுகிய வேரோடு கையில் வந்தன. எஞ்சியவற்றில் ஒரு பகுதி, மாசி மாதத்து வெயிலில் இலை ஓரம் கருகிப் போயிற்று. அறுபதில் பதினேழு பிழைத்தன. நோய் என்றார்கள், கரையான் என்றார்கள், கன்று தரமில்லை என்றும் சொன்னார்கள். எனக்கும் கன்று வாங்கிய இடத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது.

காரணத்தைச் சொன்னவர் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் எண்பது வயதைத் தாண்டிய ஆத்தா. இந்த லேஅவுட் சோளக்காடாகவும் பருத்திக்காடாகவும் இருந்தபோது இங்கே களை வெட்டியவர். கம்பி வேலிக்கு வெளியே நின்று நாங்கள் செத்த கன்றுகளைப் பிடுங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏங் கண்ணு, அந்த மேக்கால மூலையில தண்ணி நிக்கிறது இன்னைக்கு நேத்தா? அது கெணத்து வாய்க்கா போன எடம். அங்க நாங்க எள்ளுகூட வெதைக்க மாட்டோம்.” அதோடு அவர் போய்விட்டார். நாங்கள் கன்று நட்ட குழிகளை அப்போதுதான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினோம். சுற்றிலும் தண்ணீரை விடாத கரிசல், நடுவே தண்ணீரை வேகமாக உறிஞ்சும் மணலும் செம்மண்ணும். நாங்கள் குழி எடுத்து நிரப்பியது, உண்மையில், அடியில் ஓட்டையில்லாத அறுபது தொட்டிகளைப் புதைத்ததுதான். மழைநீர் அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கி, வேரோடு சேர்ந்து அங்கேயே நின்றிருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஒரு செடியும் தொடவில்லை. கொத்தனார் ஒருவரிடம் லெவல் டியூப் இரவல் வாங்கி வந்தோம். முப்பதடி நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இருவர் தூக்கிப் பிடித்தால், இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து மட்டம் எடுப்பது எளிது என்றாலும், முதல் அரை மணி நேரம் எங்கள் அளவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே வந்தன. குழாயின் நடுவில் விரல் கடை நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்ததை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் காட்டினான். குழாயைத் தரையில் போட்டு ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தூக்கிக்கொண்டே வந்து குமிழியை வெளியேற்றிய பிறகு, வாசற்படியைத் தொடக்கப் புள்ளியாக வைத்து இருபத்திரண்டு இடங்களில் அளவெடுத்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி நட்டு, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டோம்.

அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்தபோது பூங்காவின் நோய் முழுவதும் தெரிந்தது. நிலம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒன்றேகால் அடி சரிகிறது. சரிவின் கடைசியில், சுவரை ஒட்டி, நடைபாதையை உட்புறத் தரையைவிட ஏழு அங்குலம் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். பாதையில் நடப்பவர் கால் நனையக்கூடாது என்று உயர்த்தியது, உள்ளே விழும் மழைக்கு ஏரிக்கரையாகிவிட்டது. சாலை வாசலைவிட மேடாக இருந்ததால் தெருத் தண்ணீரும் கேட்டுக்கு அடியில் புகுந்து வந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 28 சென்ட் என்பது ஏறத்தாழ 1,130 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். எனவே ஐப்பசியில் ஒரு நல்ல மாலை மழையாக 40 மில்லிமீட்டர் பெய்தால், எங்கள் சுவருக்குள் மட்டும் 45,000 லிட்டர் விழுகிறது. நான்கு தண்ணீர் லாரிக்குக் குறையாத தண்ணீர், வெளியேற வழியில்லாமல் அந்த மூலையில் நான்கு நாள் நிற்கிறது. அதே பூங்காவுக்குத்தான் பங்குனியில் 650 அடி போர்வெல்லிலிருந்து உப்புத் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறோம்.

தண்ணீரை அந்த மூலையிலேயே நிலத்துக்குள் இறக்குவது என்று தீர்மானித்தோம். ஆனால் கரிசலில் சும்மா ஒரு குழி வெட்டி ஜல்லி கொட்டினால் அது இறங்காது. சோதித்துப் பார்த்தே இதைச் சொல்கிறேன். இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு குழி எடுத்து, ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குச்சியில் கோடு போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் நான்கு அங்குலம்தான் இறங்கியிருந்தது. பிறகு ஆள் வைத்து ஆழமாக எடுத்துப் பார்த்தபோது, மூன்றரை அடி கரிசலுக்குக் கீழே ஒன்றரை அடி கெட்டியான சுக்காங்கல்லும் (சுண்ணாம்புக் கட்டி), அதற்கும் கீழே கையால் உதிரும் சரளையும் இருந்தன. ஏழடியில், அந்தச் சரளையில் ஊற்றிய ஓரடித் தண்ணீர் நாற்பது நிமிடத்தில் காணாமல் போயிற்று. மழைநீர்க் குழி என்றால் கரிசலையும் சுக்காங்கல்லையும் துளைத்துச் சரளையைத் தொட்டாக வேண்டும் என்பது அங்கே உறுதியானது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் பக்கத்துக் கட்டடங்கள் பலவற்றில் ஆறு அங்குலக் குழாயை நாலடி புதைத்து வேலையை முடித்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை இந்தச் சரளையைத் தொட்டிருக்கும் என்று இப்போது யோசிக்கத் தோன்றுகிறது.

குழியை நாங்களே வெட்டவில்லை. காய்ந்த கரிசல் பாறை போல நிற்கும், ஈரம் பட்டால் சரிந்துவிடும். ஐந்தடி அகலக் குழிக்குள் பழக்கமில்லாதவர் இறங்குவது உயிருக்கு ஆபத்து. கிணறு வெட்டும் குழுவை அழைத்து, சித்திரை மாதத்தில் 5 அடி விட்டமும் 12 அடி ஆழமும் உள்ள இரண்டு குழிகளை எடுத்து, சுற்றிலும் துளை உள்ள சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினோம். குழிக்குள் ஜல்லி நிரப்பும் வழக்கத்தை விட்டுவிட்டோம். ஜல்லி நிரப்பினால் இடுக்குகளில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும், கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும். சேறு அடைத்தால் அள்ளவும் முடியாது. அடியில் ஓரடி கருங்கல் மட்டும் போட்டு மீதியைக் காலியாக விட்டதால், ஒவ்வொன்றிலும் 6,000 லிட்டருக்கு மேல் நிற்கிறது. மேலே கம்பி கட்டிய கான்கிரீட் மூடி, அதில் பூட்டுப் போடும்படியான சிறு இரும்புக் கதவு, காற்றுக் குழாய்க்குக் கொசு வலை. குழந்தைகள் ஓடும் இடத்தில் பூட்டு இல்லாத குழி கூடாது.

நடைபாதைக்கு அடியில் மூன்று இடங்களில் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் செருகி, உள்ளே தேங்கும் தண்ணீரைக் குழிக்குக் கொண்டுபோனோம். குழிக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடியாகச் செங்கல் தொட்டி ஒன்று கட்டி, வெளியேறும் குழாயைத் தொட்டியின் தரையிலிருந்து ஒன்பது அங்குலம் உயரத்தில் வைத்தோம். சேறு அடியில் தங்கிவிடும், தெளிந்தது மட்டும் குழிக்குள் போகும் என்பது இதன் ஏற்பாடு. முதல் குழிக்கு இதைக் கட்டாமல், வலை ஒன்றை மட்டும் வைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், யோசனை என்னுடையது. ஆனி மாதத்தில் திடீரென்று வந்த ஒரு மழையில் அந்த வலையை வேப்பிலையும் சிப்ஸ் பாக்கெட்டும் சேர்ந்து தகடு போட்டு மூடிவிட்டன. வழிந்த தண்ணீர் குழியைச் சுற்றிப் புதிதாகப் போட்ட மண்ணை அரித்து ஓடியது. மறு வாரமே அங்கும் செங்கல் தொட்டி கட்டினோம். குழிகள் இரண்டும் நிரம்பினால் மிகுதி தெருச் சாக்கடைக்குப் போக ஒரு வழிகாலும் விட்டோம். கேட்டுக்கு முன்னால் சிமெண்ட்டில் சிறிய வேகத்தடை போல ஒரு மேடு போட்டதும் தெருத் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. இந்த வேலை முழுவதற்கும், ஆள்கூலி சேர்த்து, 74,000 ரூபாய் ஆனது. பதினெட்டு மாதச் செலவில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. நன்கொடை கேட்டுப் போகும்போது இது கொஞ்சம் சங்கடம். பெயர் எழுதி வைக்கப் பெஞ்ச் ஒன்று வாங்கித் தருகிறேன் என்பவர்கள் இருந்தார்கள். உறை ஒன்றுக்குப் பணம் தாருங்கள் என்றால் முகம் மாறியது.

ஐப்பசியில் பெய்த முதல் பெருமழை இரவு ஒன்பதரைக்கு விட்டது. குடை பிடித்துக்கொண்டு நாலு பேர் டார்ச் அடித்துப் பார்க்கப் போனோம். மேற்கு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர், மூன்று குழாய்களும் வாய் நிறைய இழுத்துக்கொண்டிருந்தன. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது ஈர மண் மட்டும்தான் இருந்தது. சேற்றுத் தொட்டியில் இரண்டு சட்டி சேறு, ஒரு டென்னிஸ் பந்து, ஒரு செருப்பு.

நடைபாதை சரியானதும் இந்தத் தண்ணீர் வேலையின் விளைவுதான். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். இரண்டு அங்குலக் கிரஷர் தூளைப் பரப்பி அதன்மேல் பேவர் அடுக்கினால், மழைக்கொரு முறை அது தூக்கித் தள்ளும். மோசமாக இருந்த 90 அடி நீளத்தில் கற்களை எடுத்து, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி அகற்றி, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, மண்ணை இறுக்கும் ரேமர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து இடித்தோம். ஓரம் நகராமலிருக்க, வேலியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய கல்லுக்கால்களைப் படுக்கவைத்துப் புதைத்தோம். பிறகு அதே பேவர் கற்களையே திரும்ப அடுக்கியாயிற்று, உடைந்தவை நாற்பதுக்குள்தான். மற்ற இடங்களில் கை வைக்கவில்லை. பூங்காவின் நடுவே ‘எட்டு’ போட்டு நடக்கத் தனிப் பாதை வேண்டும் என்று ஒரு பிரிவினர் ஆறு மாதம் வற்புறுத்தினார்கள். நாங்கள் சுண்ணாம்புப் பொடியால் ஓர் எட்டு வரைந்து கொடுத்தோம். காலை நடையர்கள் மிதித்து மிதித்தே அதைப் பாதையாக்கிவிட்டார்கள், செலவு அறுபது ரூபாய்.

சுற்று ராட்டினத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைப்போம். பம்ப்பும் கிரைண்டரும் செய்யும் ஊரில் ஒரு ராட்டினம் சுற்றாமல் நிற்பது அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. மேல் தட்டைக் கழற்ற நட்டுகளுக்கு இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற வைத்தோம். புல்லர் என்ற இழுப்புக் கருவியைப் போட்டு ஹப்பை, அதாவது அச்சைச் சுற்றியிருக்கும் நடுக்குடத்தை, இழுத்தபோது உள்ளேயிருந்து துருத் தூளும் உடைந்த குண்டுகளும் கொட்டின. பேரிங்கின் வெளி வளையத்தைத் துடைத்துப் பார்த்ததில் 6206 என்ற எண் தெரிந்தது. “பேரிங் மேல தப்பில்லீங்க தம்பி, போட்ட எடந்தான் தப்பு” என்றார் மேஸ்திரி. 6206 பக்கவாட்டுச் சுமையைத் தாங்குவதற்கான சாதாரண பால் பேரிங். ராட்டினத்தில் எட்டுப் பிள்ளைகளின் எடையும் தட்டின் எடையும் மேலிருந்து கீழாக, அச்சின் போக்கிலேயே அமுக்குகின்றன. போதாக்குறைக்கு எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்து சாய்க்கவும் செய்கிறார்கள். இரண்டு வகைச் சுமையையும் தாங்க, குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்தான் வேண்டும்.

இதில் ஒரு வசதி இருந்தது. 30206 என்ற டேப்பர் ரோலர் பேரிங்குக்கும் உள் விட்டம் 30 மில்லிமீட்டர், வெளி விட்டம் 62 மில்லிமீட்டர். 6206-க்கும் அதே அளவுகள்தான். கனம் மட்டும் 16-க்குப் பதிலாக 17.25 மில்லிமீட்டர். எனவே அச்சை மாற்ற வேண்டியதில்லை. ஹப்பைப் பக்கத்துப் பட்டறை லேத்தில் ஏற்றி, மேலும் கீழும் பேரிங் உட்காரும் பள்ளத்தை ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆழப்படுத்தினால் போதும். இரண்டு பேரிங்குகளையும் எதிரெதிர்த் திசையைப் பார்க்கும்படி போட வேண்டும். ஒரே பக்கம் பார்த்துப் போட்டால் ஒன்று சுமக்கும், மற்றது சும்மா இருக்கும். லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபுறம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்றினார். நட்டை இறுக்கும்போது ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றுவது கனக்கத் தொடங்கியதும் நிறுத்தி, நட்டின் தலையிலுள்ள வெட்டுகளில் ஒரு காடி அளவு பின்னால் தளர்த்தி, ஸ்பிளிட் பின் போட்டு மடக்கினார். டிராக்டர் டிரெய்லர் சக்கரத்துக்குச் செய்வதும் இதேதான் என்றார். பழைய பேரிங் போனதற்கு மழைத் தண்ணீரும் ஒரு காரணம் என்பதால், ஹப்பின் தலையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு தகட்டு மூடி வெல்டிங் செய்து, அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு வடிதுளை விட்டோம். இரண்டு பேரிங், லேத் கூலி, கிரீஸ், மூடி எல்லாம் சேர்ந்து 3,150 ரூபாய். இப்போது ஒரு விரலால் தள்ளினால் சுற்றுகிறது. மிக வேகமாகச் சுற்றுகிறது என்று தாய்மார்களிடமிருந்து புகாரும் வந்திருக்கிறது. அதற்கு மேஸ்திரி ஒரு பிரேக் கட்டை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஊஞ்சலில் ஆபத்தாக இருந்தது கொக்கி. மேல் குழாயோடு இரும்பும் இரும்பும் உராய்ந்து, கட்டை விரல் பருமனாக இருந்த கொக்கி சுண்டு விரலுக்கும் மெல்லியதாகத் தேய்ந்திருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஏணி வைத்து ஏறினால்தான் தெரியும். நைலான் ராட் வாங்கி லேத்தில் புஷ் (உராய்வைத் தாங்கும் வளையம்) கடைந்து, கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவே அதைப் போட்டோம். இரும்புப் பலகை இருக்கையை எடுத்துவிட்டுப் பழைய கன்வேயர் பெல்ட் துண்டை மாட்டினோம். ஓடிவரும் குழந்தையின் நெற்றியில் பட்டாலும் காயமாகாது. ஊஞ்சலுக்கு அடியில் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், கொட்டியது தவறு. அதன் துகள்கள் கூர்மையானவை, ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நாலு மழையில் தரை போல இறுகிவிட்டது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தேங்காய் மட்டைத் துண்டுகள் வரவழைத்துப் பார்த்தோம், எறும்பு குடியேறியது. கடைசியில் ஆற்று மணலே விலை கொடுத்து வாங்கி ஓரடி ஆழம் நிரப்பி, மாதம் ஒரு முறை கிளறி விடுகிறோம்.

மரங்களுக்கு இரண்டாம் முறை குழியே எடுக்கவில்லை. இருந்த கரிசலைக் கொத்தி, தொழுவுரம் கலந்து, தரைக்கு மேலே ஓரடி உயரத்தில் நான்கடி அகல மேடுகளாகக் குவித்து அதில் நட்டோம். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். மீட்டர் வைத்துப் பார்த்தால் டி.டி.எஸ். 1,900 காட்டுகிறது. அந்தத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் புங்கன், வேம்பு, பூவரசு என்று எண்ணிக்கையை இருபத்தைந்தோடு நிறுத்திக்கொண்டு, மகிழம் வேண்டும், செண்பகம் வேண்டும் என்ற ஆசைகளை ஒதுக்கினோம். முதல் கோடையில் சொட்டுநீர் போட்டிருந்தோம். நான்கே மாதத்தில் உப்புப் படிந்து பாதித் துளைகள் அடைத்துவிட்டன; மீதிச் சொட்டிகளைப் பிள்ளைகள் பிடுங்கிக் குண்டு விளையாடினார்கள். இப்போது ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் பத்து லிட்டர் மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, அடித்துளையில் பருத்தித் துணித்திரி செருகி, ஓட்டு மூடி போட்டிருக்கிறோம். வாரம் இரண்டு முறை நிரப்பினால் போதும். யார் எந்தப் பானைக்குப் பொறுப்பு என்று பிள்ளைகளே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றுக்கு இளங்கன்றுகள் எல்லாம் கிழக்கே சாயும். ஒற்றைக் குச்சியில் இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்திலேயே ஒடிகிறது; இரண்டு பக்கமும் குச்சி நட்டு, கயிற்றை எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டினால் தண்டு ஆடி ஆடித் தடிக்கிறது. மேற்குச் சுவர் இடிந்திருந்த முப்பதடிக்குக் கம்பி வேலி போட்டிருந்தது. அதை ஒட்டிக் கிளுவை நட்டோம். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்) கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் மாட்டையும் காப்பது இந்தக் கிளுவை வேலிதான். காங்கயத்துக்குப் பக்கத்தில் காடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வண்டி நிறையப் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டுகள், வெட்டிக் கொடுத்தார். நாலடிப் போத்தை ஓரடி புதைத்து, சாண் இடைவெளியில் நட்டதில் நூற்றுக்கு எண்பது துளிர்த்துவிட்டன. தண்ணீர் கேட்பதில்லை, ஆடு உள்ளே வருவதில்லை. வேலிக்கு வெளியே நின்று கருத்துச் சொன்ன ஆத்தா, கிளுவையைப் பார்த்த பிறகுதான் முதல் முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பார்த்தீனியம் இன்னும் தீரவில்லை. பூப்பதற்கு முன்னால், மழை பெய்து மண் இளகிய மறுநாள், கையுறை போட்டு வேரோடு பிடுங்குவது ஒன்றுதான் எங்களிடம் பலித்தது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால், பூத்ததை உரக்குழியில் போடாமல் தனியாகக் காய வைத்து எரித்தோம். உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்றார்கள். ஏற்கெனவே உப்பில் தவிக்கும் மண்ணுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. கையுறை இல்லாமல் ஒரு காலை முழுவதும் பிடுங்கிய எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு முழங்கை வரை தடித்துச் சிவந்து மூன்று வாரம் அரிப்பு இருந்தது. அதன் பிறகு கையுறை இல்லாதவர் அந்த வேலைக்கு வருவதில்லை.

பதினோரு பேரில் இப்போது தொடர்ந்து வருவது ஆறு பேர். இதுவரை ஆன செலவு 1,38,000 ரூபாய். பில்கள் அனைத்தும் வாசல் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு கோப்பில் தொங்குகின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம். முழுப் பரீட்சை விடுமுறை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டியவை மூன்று இருக்கின்றன: இரண்டாம் ஊஞ்சலின் சங்கிலியில் கண்ணிகள் இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதால் அதை மாற்ற வேண்டும், முதல் குழியின் அடியில் சேர்ந்திருக்கும் சேற்றை ஆள் வைத்து அள்ள வேண்டும், மேஸ்திரியின் பிரேக் கட்டைக்கு ரப்பர் வாங்க வேண்டும். ரப்பர் கேட்டு நாளை மறுநாள் கோவையின் கணபதி பகுதிக்குப் போகிறோம்.